மொய் நோட்டும் மூன்று அறைகளும்: ஹோம்ஸ்டேக்கு உள்ளூர்க் கடைகள் ஆள் அனுப்புவது எப்படி?

பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீடுகள் மதுரையில் தெருவுக்கு நான்கு இருக்கின்றன. மாடி சும்மா கிடக்கிறது. வெள்ளையடித்து, குளியலறையைப் புதுப்பித்து, முன்பதிவுத் தளம் ஒன்றில் படம் ஏற்றி ஹோம்ஸ்டே தொடங்குகிறார்கள். முதல் சித்திரையில் அறைகள் நிரம்பி வழியும். ஆடியில் காற்று வாங்கும். அப்போதுதான் யாராவது வந்து, "பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து விளம்பரம் செய்யுங்களேன்" என்று யோசனை சொல்வார்கள்.

உடனே 1,000 துண்டுச்சீட்டுகள் அச்சாகும். ஜிகர்தண்டா கடை, ஜவுளிக் கடை, பேக்கரி என்று மேசைக்கு ஐம்பதாக வைத்துவிட்டு வருவார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிச் சீட்டு பஜ்ஜி எண்ணெய் துடைக்கப் போயிருக்கும். மீதி, வைத்த இடத்திலேயே இருக்கும். ஓர் ஆள்கூட வந்திருக்க மாட்டார்.

யோசனை தவறில்லை, அரைகுறையானது. எந்தக் கடை, எந்த இரவுக்காக, எதற்குப் பதிலாக என்ற மூன்று கேள்விகளை அது கேட்கவில்லை.

முதலில் சொற்கள்

ஹோம்ஸ்டே என்பது உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு விட்டு, காலை உணவும் தருவது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை - காலை உணவுத் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரங்கள் உண்டு. 12 படுக்கை என்றால் சின்ன எண்ணாகத் தோன்றும். இதே ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் தொடங்கியபோது அதில் இருந்தவை 11 படுக்கைகள்.

அறை-இரவு என்பது ஓர் அறை ஓர் இரவுக்கு விலைபோவது. மூன்று அறைகள் உள்ள வீட்டுக்கு மாதத்தில் 90 அறை-இரவுகள். விற்காமல் போன இரவு போனதுதான். வாடிய மல்லிகையை மறுநாள் பாதி விலைக்காவது கேட்பார்கள். நேற்றைய இரவை யாரும் கேட்க மாட்டார்கள்.

கமிஷன் என்பது ஆள் அனுப்பியதற்குக் கொடுக்கும் கூலி. பரிந்துரை என்பது தன் பெயரை நம்பி ஒருவரை இன்னொருவரிடம் அனுப்புவது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

முன்பதிவுத் தளங்கள் வாங்கும் கமிஷன் தளத்துக்குத் தளம் மாறும். பல தளங்களில் 15 சதவீதத்துக்கு மேல்தான். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். அறைக்கு 2,000 ரூபாய், மாதத்தில் பாதி நிரம்புகிறது, கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

1. 45 அறை-இரவுகளுக்கு வரவு 90,000 ரூபாய்.
2. எல்லாமே தளத்தின் வழியாக வந்தால் கமிஷன் 16,200 ரூபாய்.
3. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 2,916 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு உரிமையாளர் இதை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது.
4. ஆக, மாதம் 19,116 ரூபாய் வீட்டைவிட்டு வெளியே போகிறது.

இந்த 45-ல் 15 இரவுகள் உள்ளூர்ப் பரிந்துரையால் வந்தால் மிச்சம் 6,372 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதில் இறங்கினால் ஏமாற்றமே. காலியாகக் கிடக்கும் மற்ற 45 இரவுகளில் பத்து நிரம்பினால் 20,000 ரூபாய் புதிதாக வரும். உள்ளூர்க் கடைகளின் உண்மையான பயன் அந்தக் காலி இரவுகளில் இருக்கிறது. தளத்தை விட்டுவிட வேண்டும் என்றும் பொருள் இல்லை. ஜெர்மனியிலிருந்து வருபவருக்கு நம் தெருமுனை மருந்துக் கடைக்காரரைத் தெரியாது. அவருக்குத் தளம்தான் வழி.

எந்த இரவு காலியாக இருக்கிறது?

சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவது வரை மதுரையில் திண்ணைகூடக் கிடைக்காது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களும் அப்படியே. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்கள் மதுரையைத் தொட்டுப் போகிறார்கள். சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரவுகளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. இவற்றுக்காக விளம்பரத்தில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வைகையில் போட்டதுதான்.

காலியாகக் கிடப்பவை திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகள், அதிலும் சுற்றுலாக் காலம் அல்லாத மாதங்கள். அந்த நாட்களில் மதுரைக்கு யார் வருகிறார்கள்? கோயில் பார்க்க வருபவர் குறைவு. வழக்குக்கு, வைத்தியத்துக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள்தான் அதிகம். இவர்களைச் சந்திக்கும் தொழில்கள் வேறு. சுற்றுலாப் பயணியைச் சந்திக்கும் கடைகள் வேறு.

துண்டுச்சீட்டு ஏன் தோற்றது என்பதும் இங்கே விளங்கிவிடும். மாலையில் விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிப்பவர் ஏற்கெனவே எங்கோ அறை எடுத்து, குளித்து, உடை மாற்றிக்கொண்டு வந்தவர். அவருக்கு இனி அறை எதற்கு? கடையில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. பயணி பையைக் கீழே வைப்பதற்கு முன் அவரைச் சந்திக்கும் தொழில் எது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பையைக் கீழே வைக்காதவரை யார் சந்திக்கிறார்கள்?

1. கல்யாண மண்டப மேலாளர்

முதலிடம் இவருக்குத்தான். மண்டபத்தில் மணமகன் அறை, மணமகள் அறை போக நான்கைந்து அறைகள் இருக்கலாம். முகூர்த்தம் விடியற்காலை என்றால் வெளியூர் உறவினர் முதல் நாள் இரவே வந்தாக வேண்டும். எத்தனை பேர் தங்குவார்கள் என்று பெண் வீட்டார் சொன்ன கணக்கும், வந்து இறங்கும் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பந்தி நடந்துகொண்டிருக்கும். பெண்ணின் தாய்மாமன் மேலாளரின் மேசைக்கு வருவார். "கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்துவிட்டது, கைக்குழந்தை வேறு இருக்கிறது, பக்கத்தில் நல்ல இடமாக ஓர் அறை பாருங்களேன்" என்பார்.

அந்த நேரத்தில் மேலாளர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்ட விசிட்டிங் கார்டுக் கட்டு இருக்கும். அதை அவர் எடுக்கவே மாட்டார். கைபேசியில் கடைசியாகப் பேசிய லாட்ஜுக்கு அடிப்பார். அங்கே இடமில்லை என்றால் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்திருக்கும் எண்ணுக்கு அடிப்பார். நம் எண் அந்தச் சுவரில் இருந்தாக வேண்டும். எடுத்தவர் இரவு ஒன்பதே காலுக்கும் "அனுப்பிவையுங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் அழைப்பு அவருக்குத்தான்.

மேலாளருக்கு இதில் என்ன லாபம்? தாய்மாமன் அவரை விட்டு நகர்வார். அது போதும். கல்யாண வீட்டில் தங்குமிடத்தால் வரும் மனத்தாங்கல் கடைசியில் மண்டபத்தின் தலையில்தான் விடியும். அந்தத் தலைவலியைத் தீர்ப்பவருக்கு அவர் ஆள் அனுப்புகிறார். கமிஷனுக்காக அனுப்பவில்லை.

2. வக்கீல் குமாஸ்தா

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது. கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், கரூர் வரையிலான மாவட்டங்களின் வழக்குகள் உலகனேரியில் உள்ள அந்த வளாகத்துக்கு வருகின்றன. மறுநாள் எந்த வழக்கு விசாரணைக்கு வருகிறது என்ற பட்டியல் முதல் நாள் மாலையில்தான் வெளியாகும். நாகர்கோவிலில் இருக்கும் கட்சிக்காரருக்குக் குமாஸ்தா தொலைபேசியில் சொல்ல, அவர் இரவோடு இரவாகப் பஸ் ஏறி விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்குவார். குளிக்க வேண்டும், வேட்டி மாற்ற வேண்டும், பத்தரை மணிக்கு முன் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

பகல் 12 மணிக்குத்தான் அறை என்று சொல்லும் இடம் இவருக்குப் பயன்படாது. விடியற்காலை ஐந்து மணிக்கே கதவு திறக்கும் வீடு வேண்டும். கே.கே. நகர், அண்ணா நகர், ஒத்தக்கடைப் பக்கம் வீடு உள்ளவர்கள் இதை யோசிக்கலாம். குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "காலை ஐந்து மணிக்கு வந்தாலும் வெந்நீர் இருக்கும், எட்டரைக்கு இட்லி தயார்." வழக்கு வாரநாளில்தான் நடக்கும் என்பதால், இவர்கள் நிரப்புவது மிகச் சரியாக நம் காலி இரவுகளை. மே மாத விடுமுறையில் இந்த வரத்து நின்றுபோகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

3. மருத்துவமனை எதிரில் உள்ள மருந்துக் கடை

கண் அறுவைக்கு வருபவரோடு துணைக்கு ஒருவர் வருவார். மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்க்கும்வரை இருவரும் ஊரில் இருப்பார்கள். இவர்களுக்குத் தரைத்தள அறையும் காரம் குறைந்த சாப்பாடும் வேண்டும். மாடியில் மட்டுமே அறை உள்ளவர்கள் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு கண்ணில் கட்டோடு பாட்டியைப் படியேறச் செய்துவிட்டு நல்ல பெயரை எதிர்பார்க்க முடியாது.

4. வாடகைக் கார் ஓட்டுநர்

ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று சுற்றிவரும் குடும்பம் ஓட்டுநரிடம்தான் கேட்கும், "அண்ணே, மதுரையில் எங்கே தங்கலாம்?" ஓட்டுநரின் சொந்தக் கவலை வேறு. வண்டியில் கால் மடக்கிப் படுத்து, பெட்ரோல் பங்கில் பல் துலக்கி அலுத்துப் போனவர் அவர். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தனிக் குளியலறை, இரவில் ஒரு சாப்பாடு. இதைக் கொடுக்கும் வீட்டை அவர் மறப்பதில்லை. 200 ரூபாய் கமிஷனைவிட இது அவருக்குப் பெரிது. வண்டி நிறுத்த இடம் இல்லாத மாசி வீதிச் சந்துகளில் வீடு வைத்திருப்பவர்கள் இதில் போட்டியிட முடியாது. அவர்களுக்கு ரயில் நிலையத்து ஆட்டோ நிறுத்தம் உண்டு. சென்னையில் இரவு ஏறியவர்களைப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியலில் கொண்டுவந்து இறக்குகிறது.

5. சுங்குடிக் கடை, தையற்கடை

இவர்கள் சந்திப்பது பையைக் கீழே வைத்துவிட்ட ஆளை. அப்படியானால் வீண்தானா? அப்படியும் இல்லை. புது மண்டபத்தில் பல காலம் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையற்காரர்கள், காலையில் துணி கொடுத்தால் மாலையில் சட்டை கொடுப்பவர்கள். சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. அதன் முடிச்சுச் சாயத்தைக் கண்முன்னே பார்க்க ஆசைப்படுபவர் உண்டு. இந்தக் கடைகளால் ஆள் வரமாட்டார், வந்தவர் இன்னோர் இரவு தங்குவார். கோயிலைப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பிவிடுவது மதுரைக்கு வருபவர்களின் பழக்கம். நண்பகலில் கோயில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அந்த நேரத்தில் விருந்தினரைச் சாயப்பட்டறைக்கோ, கீழடி அருங்காட்சியகத்துக்கோ, கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ அனுப்பி வைக்கும் வீட்டில் இரண்டாம் இரவு பிறக்கும். இங்கே ஆள் அனுப்புபவர் நாம், கடைக்காரர் பெறுபவர். இது பின்னால் கணக்குக்கு உதவும்.

கமிஷன் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

கோயிலைச் சுற்றிய வீதிகளில் இந்தப் பாடம் கண்ணெதிரே நடக்கிறது. "மாடியிலிருந்து கோபுரம் பார்க்கலாம், இலவசம்" என்று வெளிநாட்டினரைக் கைவினைக் கடைக்குள் அழைத்துப் போவது பழைய வழக்கம். மாடியில் ஐந்து நிமிடம், கீழே கம்பளத்தின் முன்னால் முக்கால் மணி நேரம். அழைத்து வந்தவருக்குப் பங்கு உண்டு என்பது வாங்குபவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வீதிகளில் யார் உண்மையான அன்போடு வழி சொன்னாலும் பயணிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அதே நோய் ஹோம்ஸ்டேக்கும் தொற்றும். எப்படி என்றால்:

முதலில், அதிகக் கமிஷன் கொடுப்பவருக்கே ஆள் போகும். 200 கொடுத்தால் அடுத்த தெருவில் 300 கொடுப்பார்கள். மூன்று அறைகள் உள்ள வீடு இந்த ஏலத்தில் முப்பது அறைகள் உள்ள லாட்ஜை வெல்ல முடியாது.

அடுத்து, கூலி வாங்கியவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறார். தன் பெயரைச் சொல்லி அனுப்பியவர், விருந்தினர் மறுநாள் வந்து "அறை சுத்தமாக இல்லை" என்றால் நம்மிடம் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டை நமக்கு நல்லது. கமிஷன் வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். விருந்தினர் வேறெங்காவது போய் எழுதுவார்.

சில தொழில்களில் இது சங்கடமும்கூட. மருந்துக் கடைக்காரரும் குமாஸ்தாவும் நோயிலும் வழக்கிலும் இருப்பவரிடம் ஆள்பிடித்துக் காசு வாங்கினார்கள் என்ற பேச்சை விரும்ப மாட்டார்கள். உறையை நீட்டினால் உறவு அன்றோடு முடிந்துவிடும்.

கார், ஆட்டோ ஓட்டுநர்களிடம் கமிஷன் இல்லாமல் முடியாது என்று பலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே தொகை, வெளிப்படையாக, அறை வாடகையில் ஏற்றாமல் கொடுக்கலாம்.

கமிஷனுக்குப் பதில் செய்முறை

மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. காதுகுத்திலும் கல்யாணத்திலும் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்தில் அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிறோம். உடனே திருப்பினால் அவமானம். திருப்பாமலே விட்டால் பகை. செய்முறை என்பது இதுதான். கடைகளுக்கு இடையிலான பரிந்துரையும் இதே விதியில் ஓடுகிறது, எழுதிவைக்காததால்தான் பாதியில் அறுந்துபோகிறது.

ஆகவே ஒரு 80 பக்க நோட்டு போதும். இடப்பக்கம் நமக்கு வந்தது, வலப்பக்கம் நாம் செய்தது. உதாரணமாக, இடப்பக்கத்தில் "வைகாசி முதல் முகூர்த்தம், மண்டபம், 2 அறைகள், ஓர் இரவு" என்று இருந்தால், வலப்பக்கத்தில் "நம் விருந்தினர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் விசாரித்தார், எண் கொடுத்தோம்" என்று வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டினால், எந்தப் பெயருக்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவரிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

திருப்பிச் செய்வதற்கு ஆள்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. அறையின் விரிப்புகளைத் தேய்க்கக் கொடுப்பது, பூ வாங்குவது, விருந்தினருக்கு வேட்டி - சேலை வாங்கக் கடை சொல்வது, ஆயுத பூஜை அன்று அழைத்த கடைக்கெல்லாம் நேரில் போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வருவது, எல்லாமே வலப்பக்கத்தில் ஏறும். கடைசியாகச் சொன்னதைச் சிரித்துவிட்டுக் கடக்க வேண்டாம். வருடத்தில் ஒருநாள் கடைக்கு வாடிக்கையாளராக அல்லாமல் விருந்தாளியாகப் போகக் கிடைக்கும் வாய்ப்பு அது.

காலை உணவு: கடைகளுக்குள் நுழையும் கதவு

ஹோம்ஸ்டே உரிமையாளரின் கையில் இருக்கும் வலுவான கருவி அவர் தரும் காலை உணவுதான். அவர் ஒவ்வொரு நாளும் வாங்குபவர். பால், காய், மாவு, வாழையிலை, காபித்தூள் என்று ஆறேழு கடைகளுக்கு நிரந்தர வாடிக்கை. இதைப் பேரங்காடி ஒன்றில் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கிக் கொட்டினால் நூறு இருநூறு மிச்சமாகும். ஆறேழு கடைக்காரர்களின் பழக்கம் போய்விடும்.

வீட்டில் இரண்டு விருந்தினர் மட்டும் இருக்கும் நாளில் பொங்கலும் வடையும் செய்வது கட்டுப்படியாகாது. தெருமுனை மெஸ்ஸில் சொல்லிவைத்து வாங்கலாம். வாங்குவதை மறைக்க வேண்டியதில்லை. தூக்குவாளியில் சாம்பாரும் இலையில் பொதிந்த இட்லியும் வீட்டுக்கு வரும். அதைத் தட்டில் பரிமாறும்போது "எதிர்த்த மெஸ்ஸில் அதிகாலை நாலு மணிக்கு அரைத்த சட்னி" என்று சொல்லிப் பரிமாறினால், விருந்தினர் மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு நேராக அங்கே போவார். மெஸ் உரிமையாளர் தன் பங்குக்கு, பார்சல் வாங்க வந்த வெளியூர்க்காரரிடம் நம் வீட்டைக் காட்டுவார்.

துண்டுச்சீட்டைவிடக் காலண்டர்

தமிழ்நாட்டுக் கடைச் சுவரில் ஆண்டு முழுவதும் அசையாமல் இருக்கும் ஒரே விளம்பரம் தினசரி காலண்டர். அதைக் கிழித்தெறிய மாட்டார்கள், தினம் ஒரு தாளைத்தான் கிழிப்பார்கள். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வழக்கமாக ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும். ஆடி என்பது கல்யாணம் இல்லாத மாதம், அறைகளும் காலி. நேரமும் கையில் இருக்கும். சிறிய எண்ணிக்கை என்றால் உள்ளூர் அச்சகத்தில் பெயர் மட்டும் அச்சிட்டு வாங்கலாம்.

நூறு இடத்தில் மாட்ட வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆட்களில் பதினைந்து பேரின் சுவர் போதும். அட்டையில் மூன்றே செய்திகள்: வீட்டின் பெயர், எவரும் அறிந்த ஓர் அடையாளத்திலிருந்து வழி, இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். எண்ணைப் பெரிதாகப் போட வேண்டும். சாமி படத்துக்கு அடியில் எண் தெரியாமல் போன காலண்டர்கள் ஊரில் எத்தனையோ.

இன்னொரு பயனும் உண்டு. அதே காலண்டரில் முகூர்த்த நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவையே நம் தேவைப் பட்டியல். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுகளில் குறைந்தது ஓர் அறையைத் தளத்தில் விற்பனைக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டால்தான், ஒன்பதே காலுக்கு மண்டபத்திலிருந்து வரும் அழைப்புக்கு "அனுப்பிவையுங்கள்" என்று சொல்ல முடியும். விற்காமல் போய்விட்டால் ஓர் இரவு நட்டம். தாங்கிக்கொள்ள வேண்டிய நட்டம்தான்.

பரிந்துரை கேட்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

இன்னொருவர் தன் பெயரை நம்பி ஆள் அனுப்பும்போது, நம் வீட்டுக்குப் போலீஸ் வந்து நின்றால் அவர் பெயரும் கெடும். எனவே:

1. சுற்றுலாத் துறைப் பதிவும், உணவு தருவதற்கான உணவுப் பாதுகாப்புப் பதிவும் கையில் இருக்க வேண்டும்.
2. வெளிநாட்டினர் தங்கினால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையத்தில் தகவல் பதிய வேண்டும். சி படிவம் என்று பலகாலமாக அழைக்கப்படுவது இதுதான். ஓர் இரவு மட்டும், தெரிந்தவர் அனுப்பியவர் என்பதெல்லாம் விலக்கு ஆகாது.
3. உள்நாட்டு விருந்தினரின் அடையாள அட்டை நகலும் பதிவேடும் கல்யாண வீட்டாருக்கும் பொருந்தும். "நம் மாப்பிள்ளை வீட்டார்தானே" என்று விடுவதில்தான் தொல்லை தொடங்கும்.
4. வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதே அறை தளத்தின் வழியாக விற்றால், வரியைத் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். அதாவது தளத்தில் 2,100 ரூபாய் ஆகும் அறை, மண்டப மேலாளர் அனுப்பியவருக்கு 2,000 ரூபாய். விலையைக் குறைக்காமலே நேரடி விருந்தினருக்கு மலிவு.
5. சில தள ஒப்பந்தங்கள், வேறெங்கும் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கும். கையெழுத்திட்டதைப் படித்துப் பார்க்க வேண்டும். விலையில் கைவைக்க முடியாவிட்டால் அதிகாலைக் காபியிலோ, கூடுதல் மெத்தையிலோ சலுகை காட்டலாம்.

எங்கே அறுந்துபோகும்?

பெரும்பாலும் சித்திரையில்தான். தளத்தில் இரண்டு மடங்கு விலை கிடைக்கிற வாரத்தில் மண்டப மேலாளரின் அழைப்பு வரும். வழக்கமான விலைக்குக் கொடுத்தால் நட்டம், மறுத்தால் மனக்கசப்பு. திருவிழா வாரத்துக்கு விலை வேறு என்பதை மாசி மாதமே நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. ஊரில் எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பூ விலையும் அந்த வாரம் வேறுதான். அழைப்பு வந்த பிறகு சொல்வதுதான் உறவை அறுக்கும்.

இரண்டாவது இடம், அறை இல்லாத இரவு. "இடமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டால், அந்த மேலாளர் அடுத்து அடிக்கும் எண்ணே அவருடைய முதல் எண்ணாகிவிடும். அந்த நேரத்தில் "ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லி, நான்கு தெரு தள்ளியுள்ள இன்னொரு ஹோம்ஸ்டேக்கு அடித்து, அறை இருக்கிறதா என்று கேட்டு, மேலாளருக்குத் திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டும். போட்டியாளருக்கு ஆள் அனுப்புவதா என்று தோன்றும். நோட்டில் மேலாளர் பெயருக்கு நேரே ஒரு வரி ஏறும். அந்த இன்னொரு ஹோம்ஸ்டேயின் பெயரில் புதிதாக ஒரு பக்கம் திறக்க வேண்டியிருக்கும், வலப்பக்கத்திலிருந்து.